ஏழு தண்ணீர் அலசிய விதைநெல்

இதை எழுத உட்கார்ந்து எழுந்து போனது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற வருஷமே ஒரு நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி வரவில்லை. அந்த நோட்டில் பிறகு என் பேத்தி கோலப்புள்ளி வைத்துப் பழகினாள். இன்னொரு நோட்டு வாங்கி நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போட்டேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் இடம் வந்ததும் பேனா தானாகவே சுற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்னும்போது, சுற்றிப் போய் என்ன பிரயோஜனம்?

இப்போது எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு காரியம். நான் காவல் பார்த்த காட்டுத்தாங்கல் ஏரிக்கு இப்போது கம்பிவேலி போட்டு, ஏறி நின்று பார்க்க ஒரு கோபுரமும் கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து பறவை காட்டுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் வீடு தேடி வந்து, “ஐயா, நீங்க பழைய ஆளு, வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்” என்று கூட்டிப்போனார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, விளக்கம் சொல்லும் தம்பி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்த ஏரியில அந்தக் காலத்துல வேலுன்னு ஒரு கண்ணிக்காரன் இருந்தான். நெல்லுல விஷம் வெச்சு ஒரே நாள்ல நூத்துக்கணக்கான வாத்துங்களக் கொன்னுட்டான். அவனக் கண்டுபுடிச்சுக் குடுத்தவரு யாரு தெரியுமா? இதோ உக்காந்திருக்காரே, ஏகாம்பரம் ஐயா, இவர்தான்!”

பிள்ளைகள் கை தட்டினார்கள். எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கன்னியம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தத் துணியைத் தொடவில்லை. “அத்த எப்டி வாங்கிகினு வந்த நீ?” என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். வேற்காட்டு அம்மன் கை கொடுக்கட்டும்.

நான் திருவேற்காட்டுப் பக்கம் பிறந்தவன். அப்பா, அம்மா இருவரும் பிறர் நிலத்தில் நடவு நட்டுக் களை பறித்தவர்கள். எட்டாவது வரை படித்தேன். அறுபதுகளில் வனத்துறையில் தினக்கூலியாகச் சேர்ந்து சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கரையில் கருவேல மரம் வைத்தேன். பிறகு வாட்சர் ஆனேன். வாட்சர் என்றால் காவல்காரன்தான். காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு தடி. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருந்த காட்டுத்தாங்கல் ஏரியில் பறவை பிடிக்கக்கூடாது, சுடக்கூடாது என்று தகரப் பலகை வைத்து, அந்தப் பலகையோடு என்னையும் சேர்த்து நிறுத்தினார்கள். கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கற்றுக்கொடுத்தவர் ரேஞ்சர் அருளப்பன் ஐயா. திருநெல்வேலிக்காரர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும். எப்போதும் பென்சிலால்தான் எழுதுவார். “மை தண்ணியில கரைஞ்சிரும் ஏகாம்பரம். பென்சில் கரையாது” என்பார். எனக்கு ஒரு டைரி கொடுத்து, இடது பக்கத்துக்கு மேலே ‘பார்த்தது’ என்றும் வலது பக்கத்துக்கு மேலே ‘நினைத்தது’ என்றும் அவரே எழுதித் தந்தார். நான் என்ன சொன்னாலும் முதல் கேள்வி அதுதான்.

“ஐயா, நாரை எரநூறு வந்திருக்கு.”

“எண்ணிப் பார்த்தியா, நெனச்சியா?”

“ஒரு குத்துமதிப்பா...”

“அப்ப வலது பக்கத்துல எழுது.”

பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறியப் பனிக்காலத்தில் அதன் காலில் எண் பொறித்த வளையம் போடுவோம். வளையங்கள் பம்பாயிலிருந்து வரும். இந்த வேலையை அவர் செய்யும் ஒழுங்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூஜைக்குப் பாத்திரம் கழுவுகிறவர் மாதிரி செய்வார். வலையிலிருந்து எடுத்த பறவையைத் துணிப்பையில் போட்டுவிட்டால் அது இருட்டில் அடங்கிவிடும். பையோடு நிறுத்து எழுதி, பிறகு வெறும் பையை நிறுத்துக் கழிக்க வேண்டும். பறவையின் முதுகு உள்ளங்கையில் படும்படி பிடித்து, கழுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் வர வேண்டும், அழுத்தக்கூடாது. நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கினால் தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும். அது நிறைய இருந்தால் பயணத்துக்குத் தயார் என்று அர்த்தம். வளையத்தைக் காலில் மாட்டிக் குறடால் நெருக்கி, இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் சேர்ந்ததா, விரலால் தள்ளினால் சுற்றுகிறதா என்று பார்ப்பார். எண்ணை அவர் படிப்பார், நான் திருப்பிப் படிப்பேன், பிறகுதான் எழுதுவார். விடும்போது மேலே தூக்கி எறியக்கூடாது. காற்றுக்கு முகம் காட்டித் தரையில் வைத்துக் கையைத் திறக்க வேண்டும்.

“போறது அதோட வேலை. நாம கதவ மட்டும் திறக்கணும்” என்பார்.

ஒருமுறை வலையில் சிக்கிய ஊசிவால் வாத்தின் காலில் ஏற்கெனவே ஒரு வளையம் இருந்தது. எழுத்து நமக்குத் தெரியாத எழுத்து. ஐயா அந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டார். பள்ளிக்கூட வரைபடப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து இமயமலைக்கும் மேலே, அதற்கும் மேலே, பச்சை அடித்திருந்த இடத்தைக் காட்டினார். “ஊசியிலைக் காடு. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல நாள்கணக்கா மரம் மட்டுந்தான். வருஷத்துல பாதிக்கு மேல ஏரி எல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும். உருகுற கொஞ்ச நாள்ல இது அங்க முட்டை வெச்சுக் குஞ்சு பொரிச்சுட்டு நம்மகிட்ட வருது.”

“அங்க கோயில் இருக்குங்களா ஐயா?”

அவர் சிரித்தார். “இருக்கும். மரத்துல கட்டியிருப்பாங்க.”

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பறவைகள் பாதயாத்திரை வருகிறவர்கள் மாதிரி ஆகிவிட்டன. விடியலில் கரையில் நின்று, வந்து சேர்ந்தவற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சுற்றி வரத் தொடங்குவேன்.

வேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெமிலிச்சேரியிலிருந்து நடந்து வருவான். தடை வருவதற்கு முன்னால் அதுதான் அவன் தொழில். குதிரைவால் முடியில் கண்ணி பின்னி, கரையோரம் ஊன்றி, சிக்கியதைச் சந்தையில் விற்பான். தடைக்குப் பிறகும் வந்தான். இரண்டு முறை நானே பிடித்து ஐயா முன்னால் நிறுத்தினேன். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை, கிண்டல்தான்.

“இன்னா வாட்சர் அண்ணாத்தே, நெத்தி நெறையப் பட்டை கீது, கைல தடி கீது. உன்ன பாத்தா சாமி காவலா பறவ காவலான்னே புரில.”

“பறவையைப் புடிக்காதடா, பாவம்டா.”

“நா நாலு புடிக்கிறேன், நாப்பது சும்மா போவுது. உன்க்கு இன்னா அண்ணாத்தே, சர்க்கார் சோறு. என் ஊட்ல ஒலை வெச்சுகினு குந்திகினு கீறா.”

கண்ணியைப் பறித்து ஏரியில் எறிவேன். அடுத்த வாரம் புதுக் கண்ணியோடு வருவான். எங்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கன்னியம்மாள் மூன்றாவது முறை உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது, ஒன்று பிறந்து பதினோரு நாளில் போனது. இந்தக் குழந்தையாவது நிலைக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வாயில்லா ஜீவனுக்குத் தானியம் போடுவதாக வேண்டுதல். ஏரி என் கையில் இருக்கிறது, அவ்வளவு பறவை இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். பறவைக்குத் தீனி போடக்கூடாது என்பது ஐயாவின் விதி. “கைத்தீனி பழகினா அது காட்டுப் பறவை இல்ல” என்று சொல்லியிருந்தார். சாமி காரியத்துக்கு விதி ஏது என்று அவருக்குத் தெரியாமல் போட்டேன். டைரியில் இடது பக்கத்திலும் எழுதவில்லை, வலது பக்கத்திலும் எழுதவில்லை.

தினம் விடியலில் இரண்டு கை கம்பு, கேழ்வரகு. நாற்பத்தைந்து நாள் அப்படிப் போனது. நிறைவுக்கு நிறையப் போட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் என் மைத்துனன் துரை வந்தான். கன்னியம்மாளின் தம்பி. குமணன்சாவடிப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் புது ரக நெல் போட்டிருந்தான்.

“மாமா, வெத நெல்லு ஒரு மூட்டை மிஞ்சி கீது. நீ பறவைக்குப் போடறியாமே, எடுத்துக்கோ.”

மூட்டையைத் திறந்தால் நெல் செக்கச்செவேல் என்று இருந்தது.

“இன்னா துரை, மருந்து தடவி கீதே?”

“புழு அரிக்காம இருக்கத் தடவறாங்க மாமா. அலசிட்டாப் போச்சு. செவப்பு போற வரைக்கும் அலசு, ஒண்ணும் ஆவாது. எங்க பக்கத்துல கோயி குஞ்சுக்கெல்லாம் அப்டித்தான் போடறாங்க.”

நான் அலசினேன். சிமென்டுத் தொட்டியில் கொட்டி, ஏழு தண்ணீர். முதல் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி போனது. நான்காவது தண்ணீர் ரோஜா நிறம். ஏழாவது தண்ணீரில் என் கைரேகை தெரிந்தது. நல்ல சுத்தம் என்று நினைத்தேன். சாமிக்குச் செய்வதாயிற்றே என்று மஞ்சள் கரைத்து நெல்லின் மேல் தெளித்துப் பிசறினேன். சூடம் ஏற்றிக் காட்டினேன். இரண்டு நாள் மரக்கால் மரக்காலாகப் போட்டேன், மாற்றம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம், கரையோரம் முழங்கால் தண்ணீரில், மூட்டையில் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு அம்மா தாயே என்று விழுந்து கும்பிட்டேன். வாத்துகள் நடுத்தண்ணீரிலிருந்து இரைச்சலோடு வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடிந்து கரை ஏறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தம் இல்லை. பனிக்காலத்து ஏரி விடியலில் ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்கும். அன்று ஒன்றும் இல்லை. கரைமேல் நின்று பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிய மிதந்துகொண்டிருந்தன. ஊசிவால் வாத்து, சின்னச் சிறகி, நாமக்கோழி. உயிர் இருந்தவை இன்னும் மோசம். கழுத்தைப் பின்னால் முறுக்கிக்கொண்டு, ஒரு சிறகால் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வட்டமாகச் சுற்றின. ஒன்று என் காலடியில் வந்து சுற்றியது. குனிந்து எடுத்தேன். என் கையிலேயே அதன் உடம்பு விறைத்தது. நான் ஒரு வார்த்தை சத்தியமாகச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் என் நெல் என் நினைவுக்கே வரவில்லை. நோய் என்று நினைத்தேன். தெய்வக் குற்றம் என்று நினைத்தேன்.

கூச்சல் கேட்டது. கரையோரக் குடிசைக்காரர்கள் கூடையோடு இறங்கியிருந்தார்கள். இத்தனை கறி சும்மா மிதந்தால் யார் விடுவார்கள்? அவர்கள் நடுவில், இடுப்பளவு தண்ணீரில், வேலு நின்றான். ஒரு அம்மாள் கையிலிருந்த வாத்தைப் பிடுங்கித் திரும்பத் தண்ணீரில் எறிந்தான்.

“துன்னாதீங்க! மருந்து! மருந்துய்யா இது!”

“நீ கொண்டுபோய் விக்கத்தானேடா புடுங்கற?” என்றாள் அந்த அம்மாள்.

“ஆக்கித் துன்னுட்டு புள்ளைய தூக்கிகினு ஆசுபத்திரிக்கு ஓடு, அப்பால தெரியும் உன்க்கு! டேய், கூடைய கீய போடுடா!” என்னைப் பார்த்துவிட்டான். “அண்ணாத்தே, இன்னா மரம் மாதிரி நிக்கிற? சொல்லு அண்ணாத்தே! உன் காக்கிச் சட்டைக்காச்சும் கேப்பாங்க!”

விசில் ஊதினேன். இருவரும் சேர்ந்து கூடைகளைக் கவிழ்த்தோம். நான் கரையில், அவன் தண்ணீரில். அன்று ஒரு வீட்டிலும் அந்தக் கறி வேகவில்லை. அது வேலு செய்தது. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஆள் அனுப்பி ஐயாவை வரவழைத்தேன். போலீசும் வந்தது. ஏட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“விஷம்னு மொதல்ல சொன்னது யாரு?”

“வேலுங்க.”

“நீ வரும்போது அவன் எங்க இருந்தான்?”

“தண்ணிக்குள்ள நின்னுகினு இருந்தாங்க.”

“டாக்டர் பாக்கல, ரேஞ்சர் பாக்கல. அவனுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“தெரியலீங்க.”

மூன்றும் உண்மை. இடது பக்கத்தில் எழுதத்தக்க உண்மை. அந்த மூன்று உண்மையும் போதுமாக இருந்தது.

“சார், கயுத்த திருகிகினு சுத்துச்சுன்னா அது மருந்துதான் சார்” என்று வேலு கத்தினான். “நா பொறந்ததுலேர்ந்து பறவ பாத்துகினு கீறேன். வெசம் வெச்ச பறவைய எவன் சார் துன்னுவான்? நா எவனுக்கு விப்பேன்? என் பொயப்புல நானே மண்ணு போடுவனா?” ஏட்டு அவன் சட்டையைப் பிடித்துக் கரை ஏற்றினார். வேலு திரும்பி என்னைப் பார்த்தான். “அண்ணாத்தே, நீயாச்சும் சொல்லு.” அவன் போன பிறகும் அந்த இடத்தில் தண்ணீர் கலங்கியே இருந்தது.

ஐயா கோணிமேல் மூன்று வாத்துகளைப் பரப்பினார். சவரப் பிளேடால் கழுத்துக்குக் கீழே ஒரு கோடு. தோலை விலக்கி இரைப்பையைக் கீறினார். உள்ளே நெல். வெள்ளைத் தட்டில் கொட்டிக் குச்சியால் பரப்பினார்.

“ஏகாம்பரம், இங்க பாரு. நெல்லு மஞ்சளா இருக்கே. இது என்ன மருந்து, மஞ்சள் நிறத்துல?”

நான் பார்த்தேன். என் மஞ்சள். என் கையால் பிசறிய மஞ்சள். உமியின் வரிக்குள் மட்டும் மெல்லிய சிவப்பு ஒன்று ஒளிந்திருந்தது. கோணியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐயா நான் பறவைக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளில் கை வைத்தார். அந்தக் கையை நான் தட்டிவிட்டிருக்க வேண்டும்.

செத்தவற்றை இருபது இருபதாக அடுக்கினோம். அடுக்கு கரையோடு நீண்டுகொண்டே போனது. அதில் ஒன்றின் காலில் அந்தத் தெரியாத எழுத்து வளையம். ஐயா அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடும்போது மதியம் தாண்டிவிட்டது.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் நான் சுற்றிப்போகும் இடம். வேலை போய்விடும் என்று பயந்தேன். மாசமான பெண்டாட்டியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அம்மனுக்கு என்று சொல்லி விஷத்தைப் படைத்திருக்கிறேன், அவள் என் குழந்தையை எடுத்துக்கொள்வாளோ என்று. கோயிலுக்குப் போனேன். சன்னதி எதிரில் நின்றும் நடந்ததைச் சொல்ல வரவில்லை. வேலு என்ன ஆனான் என்று கேட்கவும் இல்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கன்னியம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“இன்னும் கால் மூட்டை நெல்லு கீதே. வேண்டுதல் முடிஞ்சுபோச்சுன்ன. கோயி குஞ்சுக்குப் போடட்டா?”

“தொடாதே!” என்று கத்தினேன். அவளிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். நானே சொல்லிவிட்டேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். “வேலு பொஞ்சாதி நேத்து நம்ம தெருவுல அயுதுகினே போச்சு” என்றாள். “போலீசுல அடிச்சு அவன் கையி வீங்கிப்போச்சாம். நா எட்டிப்பாத்துட்டு, பாவி, உன்க்கு வேணும்னு சொன்னேன். நா சொன்னேன்.” பிறகு வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். “என் வவுத்துக்காகத்தானே போட்ட? நீ போயி சொல்லிட்டு வா. இல்லன்னா நா நடந்துபோயி சொல்றேன்.”

மீதி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஐயாவிடம் போனேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்க ஆரம்பித்தார். எங்கிருந்து வந்தது, எத்தனை நாள், எத்தனை மரக்கால், எந்த இடம், எத்தனை தண்ணீர் அலசினாய். ஒவ்வொன்றையும் எழுதினார்.

“ஏழு தண்ணி அலசினேங்க ஐயா. கடைசித் தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சுங்க. வர்ணம் சுத்தமாப் போயிருச்சுங்க.”

பென்சில் நின்றது.

“வர்ணம் விஷம் இல்ல ஏகாம்பரம்” என்றார், மிக மெதுவாக. “இது விஷம், தொடாதேன்னு காட்டத்தான் வர்ணத்தச் சேக்கறான். விஷத்துக்கு நிறம் கிடையாது. அது உமிக்குள்ள ஊறிப்போச்சு. நீ எச்சரிக்கையத்தான் கழுவியிருக்க.”

அந்த வார்த்தை விழுந்த இடம் இன்றுவரை ஆறவில்லை. எழுதியதை மூடிவைத்து, “மூணு நாள்” என்றார். அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஸ்டேஷனில் வேலுவை வெளியே விட்டார்கள். வலது கை விரல்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தன. வாசலில் நான் அவன் காலில் விழப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டான்.

“மெய்யாவா அண்ணாத்தே? நீயா?”

“வேண்டுதலுக்குப் போட்டேன் வேலு. தெரியாமப் போட்டேன்.”

அவன் சிரிப்பான், திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பயந்தவன் மாதிரி இருந்தது அவன் பார்வை. “நா புடிச்சா நாலு. அதுக்கே பாவம் பாவம்னு சொல்லுவ. நீ கும்பிட்டுகினே அத்தினியும் சாவடிச்சிட்டியே அண்ணாத்தே” என்றான். பிறகு, “தெரியாமப் போட்ட, சரி. மூணு நாளு இன்னா தெரியாம இருந்துச்சு?” என்று கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை. நெமிலிச்சேரிப் பக்கம் நடந்து போய்விட்டான்.

ஐயா முழு அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். அது திரும்பி வந்தது. காவல்காரனே பறவையைக் கொன்றான் என்று வெளியே தெரிந்தால் துறைக்குக் கேவலம், ‘அடையாளம் தெரியாத விஷமிகள்’ என்று மாற்று என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஐயா இரண்டு முறை எதிர்த்து எழுதினார். மூன்றாவது முறை அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எனக்குத் தண்டனை என்று ஒன்றும் வரவில்லை. நானும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை அதே கரையில் நடந்தேன்.

போவதற்கு முன்னால் ஐயா ஒரு காரியம் செய்தார். வளையம் கிடைத்தால் அதைப் போட்ட நாட்டுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். பறவை எப்படிக் கிடைத்தது, எதனால் இறந்தது என்று அதில் கேட்டிருக்கும். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். ‘காவலர் வேண்டுதலாக இட்ட, மருந்து தடவிய விதைநெல்லால்.’ “இத மாத்தச் சொல்ல இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல” என்றார். ஆக, நடந்த உண்மை ஆவடியில் இல்லை, பூந்தமல்லியில் இல்லை. பனிக்காட்டு நாட்டில் யாரோ ஒருவர் பெட்டியில் காகிதமாகக் கிடக்கிறது.

கன்னியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அம்மன் மன்னித்தாள் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

வேலுவை விட்டார்களே தவிர, ஏன் விட்டார்கள் என்று யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. சந்தையில் அவன் கையால் மீன்கூட யாரும் வாங்கவில்லை. ‘ஏரியில விஷம் வெச்சவன்’ என்று அவன் பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றது. அடுத்த பனிக்காலத்துக்குள் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான். தேடினேன், கிடைக்கவில்லை. கண்ணி பின்னிய அந்த விரல்கள் திரும்ப மடங்கினவா என்றுகூட எனக்குத் தெரியாது.

படித்த உங்களிடம் ஒரே வேண்டுகோள். இதை உங்கள் பிள்ளைகளிடமோ ஏரிக்கு வருகிறவர்களிடமோ சொல்லுவீர்களானால், இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள், கதை நன்றாக வர வேண்டும் என்று எதையும் கூட்டாதீர்கள். நான் நல்லவன், பக்திமான், தெரியாமல் செய்தேன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த மூன்று நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘யாரோ விஷம் வைத்தார்கள்’ என்று சொல்லாதீர்கள். நெல்லைப் போட்டவன் ஏகாம்பரம், காவல்காரன். அதைத் தின்னாதீர்கள் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தியவன் வேலு. இரண்டு பெயரும் இடம் மாறாமல் இருக்கட்டும்.